வெள்ளைப் பொடி பூசிய சீல்

ரெஜித் அஜேஷை முதன்முதலில் பார்த்தபோது கால்கள் மட்டும்தான் தெரிந்தன. உதியன்குளங்கரை சந்திப்பில் ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து அவை வெளியே நீண்டு கிடந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு மருந்துக் கம்பெனி நேர்முகத்துக்குப் போய்விட்டு, சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்தபடி பஸ் இறங்கி நின்றான் ரெஜித். ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

“மக்கா, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை இஞ்ச எடுத்துத் தா.”

ரெஜித் சுற்றிப் பார்த்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். உள்ளே போன கை உடனே வெளியே வந்து அதைத் தரையில் வைத்தது.

“இது பதினாலாக்கும். பதினேழு அதுக்க அண்ணன்.”

ஒன்பது வருடமாகியும் ரெஜித் அந்த வாக்கை மறக்கவில்லை. பதினாலுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் தெரியாதது அவனுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. சொன்னவன் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன் என்று பிறகு தெரிந்ததுதான் உறுத்தியது. ரெஜித் அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேதியியல், முதல் வகுப்பு. அப்பா குட்டப்பன் நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய மனிதர். மகன் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை அவர் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார். தபால்காரர் முதல் மீன்காரர் வரை யார் வந்தாலும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

மருந்துக் கம்பெனி கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து அதே ஒர்க்‌ஷாப்பில் கைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ரெஜித் போய்ச் சேர்ந்தான். ஃபைல் வீட்டில் அலமாரிக்கு மேலே போனது. நாலு வருடம் அஜேஷும் அவனும் ஒரே வண்டிக்கு அடியில் தோளோடு தோள் கிடந்தார்கள். ரெஜித் சீக்கிரம் படித்துக்கொண்டான். மூன்றாம் வருடத்தில் ஷாக் அப்சார்பரை அறுத்துத் திறந்து மறுபடி கட்டும் வேலையில் அவன் கை அஜேஷின் கையைவிடச் சுத்தம் என்று முதலாளியே ஒரு தடவை சொன்னார். அதைச் சொன்ன நாள், கிழமை, அப்போது கடையில் நின்ற ஆட்கள் எல்லாம் ரெஜித்துக்கு நினைவிருந்தது.

ஆனால் வண்டிக்காரர்கள் வந்தால் கேட்கிற முதல் கேள்வி, “அஜேஷ் இல்லியா?” என்பதுதான். ரெஜித் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நிற்பான். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். முதலாளி வளைகுடாவில் இருக்கும் மகனோடு போய் இருக்க முடிவு செய்தபோது கடைச் சாவியைக் கொடுத்ததும் அஜேஷ் கையில்தான். “நீ படிச்ச பிள்ளை, ஒனக்கு எஞ்ச போனாலும் வழி உண்டு” என்று ரெஜித்திடம் சொன்னார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். ரெஜித்துக்கு அது செருப்பில் ஏறிய முள்ளாக இருந்தது.

அந்த மாதமே ரெஜித் கொல்லயிலில் வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் வேய்ந்து சொந்தமாக ஒரு ஷெட் போட்டான். அங்கேயும் வருகிறவர்கள் போர்டைப் படித்துவிட்டுக் கேட்டார்கள்: “அஜேஷுக்க கூட நின்ன ஆளா?”

பொன்னையனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு, மகர மாதத்தின், அதாவது தையின், தொடக்கத்தில்.

பொன்னையன் குளத்தூர்க்காரர், தேனீ வளர்க்கிறவர். எண்பது பெட்டிக்கு மேல் உண்டு. வருடம் பூராவும் தென்னந்தோப்புகளில் இருக்கும் பெட்டிகளை, ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் பருவத்தில் கிழக்கே மலைப்பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போவார். தளிர் இலையின் காம்பில் தேன் சுரக்கிற அந்த ஒன்றரை மாதம்தான் அவருக்கு வருடம். விடியும் முன்னே பெட்டி வாசலை அடைத்து, பிக்கப்பில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கொண்டு இறக்க வேண்டும். வண்டி துள்ளினால் பெட்டிக்குள் இருக்கிற அடை சட்டத்திலிருந்து அறுந்து விழும். அடை விழுந்தால் தேனும் போகும், புழுவும் போகும், சில சமயம் ராணியும் போகும்.

“பின்னால ரெண்டு ஷாக்கும் செத்தாச்சு” என்றார் பொன்னையன். “அஜேஷுக்கிட்ட போனேன். பதினெட்டு நாளு கழிஞ்சு வரச் சொல்லுதான். அதுக்குள்ள தளிரு முத்திப் போவும். பின்ன நெனச்சேன், நீயும் அவனுக்க கூட நின்னவந்தானே.”

“அவன் எனக்க கூட நின்னான்னும் சொல்லலாம்ணா.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

ரெண்டும் ஒன்றில்லை. ரெஜித் அதைச் சொல்லாமல் ஜாக்கை எடுத்து வந்தான்.

பொன்னையன் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். தேனீக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தில் இன்னும் பதினோரு பிக்கப் உண்டு, எல்லாம் இதே போலப் பழைய வண்டி, எல்லாம் அஜேஷ் கையில். “எனக்க வண்டி இந்த ஒண்ணரை மாசம் ஒழுங்கா ஓடட்டு. பின்ன பதினொண்ணையும் இஞ்ச விடச் சொல்லுதேன். அவனுக்கும் பாரம் குறையும்.”

அவனுக்குப் பாரம் குறைவது ரெஜித்தின் காதில் ஏறவில்லை. பதினொன்று என்பது மட்டும் ஏறியது. அந்தப் பதினொரு வண்டியும் உதியன்குளங்கரையைத் தாண்டி, அஜேஷின் கடை முன்னாலேயே கொல்லயிலுக்குத் திரும்பும் காட்சியை அன்று மட்டும் மூன்று தடவை மனதில் ஓட்டிப் பார்த்தான்.

வண்டி பழைய மாடல். அதற்குப் புது ஷாக் வருவது நின்று பல வருடமாகிறது. உள்ளே இருக்கும் பாகங்களைத் தனியாக எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. ஒவ்வொன்றையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரெஜித் இரண்டு ஷாக்கையும் லேத்தில் கொடுத்துத் தலையை அறுத்துத் திறந்தான். தார் போல எண்ணெய் வடிந்தது. மண்ணெண்ணெயில் கழுவி ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தான். ஐந்து சாமான் வேண்டும்: மேலும் கீழும் ஓடுகிற ராடு, வால்வின் மெல்லிய தகடுகள், ஷாக்கின் நுனி வளையத்தில் போடுகிற புஷ், புது எண்ணெய், எண்ணெய் வெளியே வராமல் ராடைக் கவ்விப் பிடிக்கிற சீல்.

ராடு இரண்டிலும் துரு குழி விழுந்திருந்தது. களியக்காவிளையில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு நாள் குவியலைக் கிளறினான். ஒரு டெம்போவின் முன் ஷாக் இரண்டிலும் அதே பன்னிரண்டரை மில்லி ராடு, ஒரு கீறல் இல்லாமல், கண்ணாடி போல இருந்தது. நுனியில் மரை மட்டும் வேறு. நெய்யாற்றின்கரை லேத்தில் அதை வெட்டிச் சரியாக்கினான். வால்வுத் தகடுக்கு அமரவிளையில் ஒரு கடையின் பின்பக்கம் எறிந்து கிடந்த மூன்று செத்த ஷாக்குகளை வாங்கி வந்து அறுத்தான். இரண்டில் ஒன்றும் இல்லை, மூன்றாவதில் முழு அடுக்கும் கிடைத்தது. புஷ் மார்த்தாண்டத்தில், டிராக்டர் டிரெய்லர் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. எண்ணெய் திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. நாலும் நாலு திசையிலிருந்து வந்து சேர்ந்தபோது ரெஜித் அவற்றைச் செய்தித்தாளில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அஜேஷ் இருந்திருந்தால் இந்த ராடை எங்கே பிடித்தாய் என்று கேட்டிருப்பான். அஜேஷ் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக எரிச்சலும் வந்தது.

சீல் மட்டும் கிடைக்கவில்லை. மார்த்தாண்டம், நாகர்கோவில், திருவனந்தபுரத்துச் சாலை பஜார் எல்லாம் அலைந்தான். உள் அளவு சரியாக இருந்தால் உயரம் இடித்தது. உயரம் சரியாக இருந்தால் வெளி அளவு ஆடியது. ஒரு கடைக்காரர், “இதெல்லாம் இப்பம் வாறதில்ல தம்பி, உதியன்குளங்கரையில அஜேஷ்னு ஒருத்தன் உண்டு, அவங்கிட்ட கேட்டுப் பாரும்” என்றார். நாகர்கோவிலில், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கூட.

மனைவி ஷீஜா அன்று மாலை மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: “ஒரு போன் போட்டா தீருமே.”

“போட்டா அவன் தருவான்.”

“தந்தா நல்லதில்லியா?”

“அதாக்கும் பிரச்சினை.”

ஷீஜா சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். “கட்டின நாள்ல இருந்து பாக்கேன். என்னைப் பத்தி நெனக்கதவிட அவனைப் பத்தித்தான் நீங்க கூடுதல் நெனக்கீங்க. அவனையே கட்டியிருக்கலாம்.”

“அவனுக்கு மீனு கழுவத் தெரியாது.”

“அது தெரிஞ்சா என்னை விட்டிருப்பீங்க.”

இரண்டு நாள் கழித்து உதியன்குளங்கரை டீக்கடையில் ரெஜித் நின்றுகொண்டிருந்தான். எதிரே அஜேஷ் ஒரு வண்டியின் பானட் மேல் ஒரு பொதியைப் பிரித்தான். மிட்டாய்க்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் கறுப்பு வளையங்கள். அவன் விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அஜேஷ் அதை அப்படியே கால்சட்டையில் தேய்த்துவிட்டு உள்ளே போனான்.

அந்த வெள்ளைப் பொடி ரெஜித்துக்குப் போதும். கம்பெனிப் பெட்டியில் வருகிற சீல் எண்ணெய்த் தாளில் வரும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பொடி தூவுவது கையால் அச்சில் அழுத்தி ரப்பர் சாமான் செய்கிறவர்கள் மட்டும்தான். பால் வெட்டுகாரன் மகனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்படியானால் அஜேஷ் சீலை எங்கிருந்தும் வாங்கவில்லை, செய்ய வைக்கிறான். மாநில எல்லையை ஒட்டி அப்படி அச்சு வைத்திருக்கிறவர்கள் மூன்று பேர். ஒருவர் மாட்டுக் கொட்டகை விரிப்பு மட்டும் செய்கிறார். ஒருவர் மூடிவிட்டார். மூன்றாவது ஆள் படந்தாலுமூட்டுக்கு உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், ரப்பர் ஷீட் உலர்த்துகிற பழைய புகைப்புரை ஒன்றில் இருந்தார். பெயர் கருணாகரன்.

ரெஜித் அங்கே போகும்போது இரண்டு பொருள் கொண்டுபோனான். ஒன்று, நெய்யாற்றின்கரை லேத்தில் தானே அளந்து கடைந்தெடுத்த அச்சு. மற்றது, அப்பா தன் கையால் உறைய வைத்து, அடித்து, புகையில் காயப்போட்ட ரப்பர் ஷீட். முதல் தரம். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும். அஜேஷ் எந்தத் தரத்தில் செய்விக்கிறானோ, அதைவிட இரண்டு படி மேலே போக வேண்டும் என்பது அவன் கணக்கு. உலகத்தில் நல்ல ரப்பர் எங்கே என்று கேட்டால், அந்தப் பக்கத்து ஆள் எவனும் சந்தேகமில்லாமல் தன் வீட்டுப் பின்புறத்தைத்தான் காட்டுவான். ரெஜித்தும் அதில் ஒருவன்.

கருணாகரன் மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இது அஜேஷ் கொண்டு வந்த அச்சு போல உண்டே.”

“வட்டம்னா எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும்.”

“அதும் செரிதான்.” மொபைலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “வெள்ளமா, எண்ணெயா?”

சீல் தண்ணீரில் கிடக்கப் போகிறதா எண்ணெயிலா என்பதைத்தான் கேட்டார். ரெஜித்தின் கண் சுவரில் போனது. கரியால் எழுதின நாலைந்து போன் நம்பர்களில் முதல் நம்பர் அஜேஷுடையது. அதை ரெஜித் தூக்கத்தில் கூடச் சொல்வான். எண்ணெய் என்றால் அடுத்த கேள்வி எதற்கு என்பது. ஷாக் என்றால் சாயங்காலம் கருணாகரன் அஜேஷிடம் சொல்வார். பொடியை மோப்பம் பிடித்து ரெஜித் பின்னாலேயே வந்தான் என்று உதியன்குளங்கரை முழுக்கத் தெரியும்.

“வெள்ளம்” என்றான் ரெஜித். “மோட்டாருக்காக்கும்.”

“அப்பம் செரி. எண்ணெய்னா வேற கூட்டு போடணும், அது கோயம்புத்தூர்ல இருந்து வரணும். வெள்ளத்துக்கு நம்ம ஷீட்டே தாராளம்.” ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்ல ஷீட்டு. ஆருக்க?”

“எனக்க அப்பனுக்க.”

அதைச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கரியும் கந்தகமும் கூட்டி உருளையில் அரைத்து, அச்சில் வைத்துச் சூடேற்றி அழுத்தி, மறுநாள் சீல் கிடைத்தது. நாலு வளையம், வெள்ளைப் பொடி பூசி, மிட்டாய்க்கடைப் பையில். ரெஜித் ஷாக்கைக் கட்டினான். அளந்து எண்ணெய் ஊற்றி, நிமிர்த்தி வைத்து, உள்ளே இருக்கிற காற்று போகும் வரை ராடை ஏற்றி இறக்கினான். கடைசியில் கையால் அழுத்தினால் ஒரே சீராக, முனகலோடு, எதிர்த்து எதிர்த்து இறங்கியது. மறுபடி திறந்து பார்க்க வசதியாக மரை வெட்டி மூடி போட்டான். அஜேஷ் அப்படிப் போடுவதில்லை, பற்றவைத்துவிடுவான்.

முதல் பாரம் ஏற்றிப் போய்வந்த அன்று பொன்னையன் வண்டியை ஷெட்டுக்கே ஓட்டி வந்தார்.

“தொட்டிலு போல இருக்குடே. ஒரு அடை அசையல்ல. அஜேஷு போட்டப்பம் கூட இம்புட்டு இல்ல.”

கடைசி வாக்கை ரெஜித் இன்னொரு தடவை சொல்ல வைத்தான். சரியாகக் கேட்கவில்லை என்று.

அடுத்த எட்டு நாளும் அவன் நடையே மாறிவிட்டது. கொல்லயிலில் கிடைக்கிற வாழைப்பழத்தை உதியன்குளங்கரையில் போய் வாங்கினான். அஜேஷ் கடை முன்னால் பைக்கை மெதுவாக்கி ஹாரன் அடித்தான். அஜேஷ் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினான். ஒரு நாள், “மக்கா, வாழைக்குலை வியாபாரம் துடங்கியாச்சா?” என்று கத்திக் கேட்டான்.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குப் பொன்னையனின் போன் வந்தது. குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நீ இஞ்ச வா. அஜேஷுக்க கடையில நிக்கேன்.”

ரெஜித் போனபோது பிக்கப் கடை முன்னால் நின்றது. பின்பலகையில் தேன் வழிந்து தார் ரோட்டில் சொட்டியது. வீடு தெரியாமல் பின்னாலேயே வந்த நாலைந்து தேனீக்கள் அதன் மேல் சுற்றிக்கொண்டிருந்தன. விடியற்காலை மூன்றாவது பாரம் ஏற்றிப் போகும்போது முதலில் ஷாக் இறுகிக் கட்டை போல ஆகி, பிறகு ஒரு பள்ளத்தில் எண்ணெய் முழுவதும் கக்கி, வண்டி ஆடு போலத் துள்ளியதாம். பதினான்கு பெட்டியில் அடை விழுந்துவிட்டது. பொன்னையன் மீதியை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் முதலில் கண்ட கடையில் நிறுத்தியிருக்கிறார். அது இந்தக் கடை.

அஜேஷ் ஷாக்கைத் திறந்துவிட்டிருந்தான். ரெஜித் போட்ட மூடி இருந்ததால் திறப்பது சுலபமாக இருந்திருக்கும். உள்ளங்கையில் சீலை வைத்துக்கொண்டு நின்றான். சாம்பாரில் ஊறிய வடை போல அது உப்பியிருந்தது. உதடு பிய்ந்து தொங்கியது.

ரெஜித்துக்கு அந்தக் கணத்தில், எதிரே நடப்பது எதுவும் தெரியாமல், பட்டப்படிப்பின் மூன்றாம் வருடத் தேர்வு அறை கண்ணில் வந்தது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப் பெருக்கும், காரணம் தருக. அவன் காரணம் தந்திருந்தான். முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். படந்தாலுமூட்டில் அந்தப் புகைப்புரைக்குள் நின்றபோது, சுவரில் எழுதியிருந்த ஒரு போன் நம்பர் அத்தனையையும் மறைத்துவிட்டது.

அஜேஷ் சீலை முகர்ந்தான். விரலால் இழுத்தான். ஒரு தடவை ரெஜித்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது: இது எந்த ரப்பர், யார் அழுத்தியது, ஏன் இப்படி ஆயிற்று. பிறகு அவன் பொன்னையனிடம் திரும்பினான்.

“சீலு மோசம்ணா. இந்த வருஷம் வந்த சரக்கே செரியில்ல. எனக்கும் ரெண்டு வண்டி இப்பிடி ஆச்சு. இவனுக்க வேலை சுத்தமாக்கும். இந்த ராடைப் பாருங்க. எஞ்ச இருந்து பிடிச்சான்னு எனக்கே தெரியல்ல.”

பொன்னையனின் முகம் இளகியது. “சரக்கு மோசம்னா ஆரு என்ன செய்ய? செரி, வேற சீலு போட்டா போரும். மத்தவனுவளுக்கிட்ட நான் ஒண்ணும் பறையல்ல.”

பதினொரு வண்டியும் அப்படியே இருந்தது. ரெஜித் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். தலையை ஆட்டினால் இன்னும் நல்லது.

அஜேஷுக்கு அப்படி எந்த வண்டியும் ஆகவில்லை என்று ரெஜித்துக்குத் தெரியும். தன்னுடைய வண்டிகள் கை மாறப் போவதும் பொன்னையன் சொல்லித் தெரிந்து, இவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்யும் எவ்வளவு லேசாக வருகிறது அவனுக்கு. ராடைப் பற்றிச் சொன்னானே, எந்த வாக்கைக் கேட்க ரெஜித் ஏங்கினானோ அதே வாக்கு, அதையும் தானமாகப் போடுகிறான். வேலையில் மேலே, சாமான் தேடுவதில் மேலே, இப்போது மனசிலும் மேலே. இனி ஒவ்வொரு வண்டிக்கு அடியில் படுக்கும்போதும், இது அஜேஷ் விட்டுத் தந்தது என்று நினைத்துக்கொண்டே படுக்க வேண்டும். 

“சரக்கு மோசமில்லண்ணா” என்றான்.

அஜேஷ் சட்டென்று, “எலே, சும்மா இரி” என்றான்.

“நீ சும்மா இரி. கருணாகரன் எங்கிட்ட கேட்டாரு, வெள்ளமா எண்ணெயான்னு. நான் வெள்ளம்னு பொய் சொன்னேன். அதுனாலயாக்கும் ஊதிப் போச்சு. தப்பு என்மேல.”

பொன்னையனுக்குப் புரிய நேரமெடுத்தது. “எதுக்குப் பொய்?”

“இவன் அறியக்கூடாதுன்னு.”

“எதை?”

“இவனுக்க எடத்துக்கு நான் போனதை.”

இதை நேர்மை என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம். அஜேஷின் தயவில் நிற்பதைவிடப் பதினொரு வண்டியை இழப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

பொன்னையன் பின்பலகையில் வழிந்த தேனை ஒரு விரலால் எடுத்தார். நக்கவில்லை. பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்தார்.

“படிச்ச பயலுக்கு இப்பிடியும் ஒரு கேடு வருமா” என்றார் மெதுவாக. “மத்த வண்டி இவங்கிட்டயே கிடக்கட்டு. ஒனக்கு நான் ஆள் சொல்ல மாட்டேன்.” பிக்கப்பைக் காட்டினார். “ஆனா இந்த வண்டியைக் கெடுத்தது நீ. சரியாக்கித் தாறதும் நீயாக்கும். அவன் தொடப்பிடாது. நாளைக்கு விடியப்பாடு எனக்கு வண்டி வேணும். முப்பது பெட்டி இன்னும் கெடக்கு.”

ரெஜித் ஷாக்கை எடுத்துக்கொண்டான். “நான் கருணாகரனுக்கிட்ட போறேன். அச்சு அங்கதான் உண்டு.”

“அவருக்கிட்ட எண்ணெய்க் கூட்டு தீந்து போச்சு” என்றான் அஜேஷ். “புதன்கிழமைதான் வரும். தேனீ புதன் வரை நிக்குமா?”

 அஜேஷ் உள்ளே போய் மேசை டிராயரை இழுத்தான். நாலு சீல் எடுத்து வந்து நீட்டினான்.

“அளவு ஒண்ணுதான். நீ ராடு மாத்தினாலும் பன்னிரண்டரைதானே போட்டிருக்க.”

ரெஜித் கை நீட்ட எவ்வளவு நேரம் எடுத்தான் என்று அவனுக்குத் தெரியாது. பின்பு ஷீஜாவிடம் சொல்லும்போது, ஒரு பஸ் வந்து ஆளை இறக்கி ஏற்றிப் போகும் நேரம் என்றான். முப்பது பெட்டி என்ற நினைப்புதான் கையை நீட்ட வைத்தது. வாங்கினான். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது.

“அந்த ராடு” என்றான் அஜேஷ். “உள்ளதாட்டே எஞ்ச பிடிச்ச?”

பொன்னையனுக்காகச் சொன்னது இல்லை அது. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறான்.

“சொல்ல மாட்டேன்” என்றான் ரெஜித்.

அஜேஷ் சிரித்தான். ரெஜித் சிரிக்கவில்லை. ஆனால் வீடு போகும் வரை அந்தக் கேள்வியைப் பத்து தடவையாவது மனதுக்குள் கேட்டுப் பார்த்தான்.

சாயங்காலத்துக்குள் இரண்டு ஷாக்கையும் கட்டி முடித்தான். மறுநாள் விடியலில் பொன்னையன் முப்பது பெட்டியும் ஏற்றிப் போனார். ஒரு அடை விழவில்லை. அந்தப் புதன்கிழமை ரெஜித் படந்தாலுமூட்டுக்குப் போய்க் கருணாகரனிடம் எண்ணெய் என்றான். அவர் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, “அண்ணு எதுக்கு வெள்ளம்னு சொன்னே?” என்றார். ரெஜித் முன்பு கொண்டுபோன அப்பாவின் ஷீட்டில் மீதி இருந்ததை அவரிடமே விட்டுவிட்டு வந்தான். வீட்டில் அப்பா சீல் எப்படி என்று கேட்டபோது, நல்ல ஷீட்டு, நான்தான் போடக்கூடாத இடத்தில் போட்டேன் என்றான்.

ரெஜித்துக்கு இப்போது முப்பத்தொரு வயது. கொல்லயிலில் அதே தகர ஷெட்டில் ஷாக் அப்சார்பர் வேலை செய்கிறான். சங்கத்துப் பதினொரு வண்டியும் இன்றும் அஜேஷ் கையில்தான் இருக்கிறது. பொன்னையனின் பிக்கப் மட்டும் ஒவ்வொரு மகரத்துக்கும் முன்னால் ரெஜித்திடம் வருகிறது. கருணாகரனின் அலமாரியில் இரண்டு அச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அஜேஷ் போன வருடம் கடையைப் பெரிதாக்கினான். ரெஜித் இப்போது அந்தப் பக்கம் போய் வாழைப்பழம் வாங்குவதில்லை.